ரோமர் 4:5: பிடி அரிசி வைத்த கைக்கு என்ன பதில் சொல்வது?

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, இரவு 9:40)

அம்மாவுக்கு 81 வயது. ஆனி மாதம் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் புத்தி தெளிவாக இருக்கிறது. வலக்கை மட்டும் ஓயாமல் அசைகிறது. போர்வையிலிருந்து எதையோ அள்ளுவாள், கட்டில் விளிம்புக்குக் கொண்டுபோய் விரல்களை விரிப்பாள், மறுபடியும் அள்ளுவாள். நரம்புக் கோளாறு என்றுதான் நினைத்தோம். இரண்டு நாள் பார்த்துவிட்டு அக்காதான் சொன்னாள், "தம்பி, அது பிடி அரிசிடா."

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உலை வைக்கும் முன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போடுவார்கள். மாதக் கடைசியில் பெண்கள் சங்கத்தில் எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகக் கொட்டப்படும். அதை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். அம்மா மணமாகி வந்த நாள் முதல் 58 ஆண்டுகளாகப் போட்டுவருகிறாள். ஒரு நாளும் தவறியதில்லை என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

போன புதன்கிழமை இரவு நான் பக்கத்தில் படுத்திருந்தேன். "போதுமா?" என்றாள். தண்ணீர் கேட்கிறாள் என்று டம்ளரை எடுத்தேன். இல்லை என்று தலையை அசைத்தாள். "நான் செய்தது போதுமா, ஐயா?"

நான் 26 ஆண்டுகளாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போதுமா, போதாதா என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஆனால் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. விடிந்ததும் வேதத்தை எடுத்து, பவுல் அப்போஸ்தலர் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்தில் ரோமர் 4-ஐத் திறந்தேன். "ஒருவன் கிரியை செய்யாமல் பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில் விசுவாசம் வைக்கிறவனாயிருந்தால், அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்." படித்துவிட்டு மூடிவிட்டேன். கிரியை என்றால் செயல். 58 வருடம் கிரியை செய்தவளிடம் போய் "கிரியை செய்யாமல்" என்று எப்படி வாசிப்பது?

நீதி இலவசமாக வருவது என்றால் அந்த டின்னுக்கு என்ன அர்த்தம்? உழைத்துப் பெறுவது என்றால் "போதுமா" என்ற கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம்.

தரங்கைவாசி (ஞாயிறு, இரவு 10:25)

தம்பி, நான் 34 வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். பிரசங்கம் வராது, பாடம்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மூடிவைத்த அதிகாரம் உங்கள் தொழில் மொழியில் எழுதப்பட்டது. "எண்ணப்படும்" என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது லொகீட்சோமாய் என்ற வினை. கணக்கில் சேர்ப்பது, வரவு வைப்பது என்ற பொருளில் வியாபாரிகளும் புழங்கிய சொல். ரோமர் 4-இல் மட்டும் அது 11 இடங்களில் வருகிறது. தமிழில் அதற்கு அமைந்த சொல்லும் அருமையானது. எண்ணுதல் என்றால் நமக்கு நினைப்பதும்தான், தொகையை எண்ணுவதும்தான்.

அதற்கு முந்தின வசனத்தையும் படியுங்கள்: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." கூலி கொடுப்பது தயவு இல்லை, பாக்கியைத் தீர்ப்பது. பவுல் சொல்ல வருவது, கடவுள் யாருக்கும் பாக்கிதாரர் இல்லை என்பது. அந்த அதிகாரத்தில் அவர் உதாரணம் காட்டுகிற முற்பிதா ஆபிரகாமுக்கே இல்லை.

உங்கள் அம்மா கேட்டதைத்தான் ஜெர்மனியின் எர்ஃபர்ட் மடத்தில் ஓர் இளம் துறவியும் கேட்டுக்கொண்டிருந்தார். 1505-இல் இடிமின்னலுக்குப் பயந்து நேர்ந்துகொண்டு மடத்தில் சேர்ந்தவர், பிற்பாடு புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர். நோன்பு, விழிப்பு, மணிக்கணக்கில் பாவ அறிக்கை. அறிக்கை செய்துவிட்டு வெளியே வந்ததும் ஒன்றை மறந்துவிட்டோமே என்று திரும்ப ஓடுவாராம். "தேவநீதி" என்ற சொல்லையே தாம் வெறுத்ததாக 1545-இல், சாவதற்கு முந்தின ஆண்டில், தாமே எழுதியிருக்கிறார். அந்த நீதி தம்மைத் தண்டிக்கிற நீதி என்று எண்ணிய வரைக்கும் வெறுப்பு. அது கடவுள் கொடுக்கிற நீதி என்று ரோமர் 1:17-இல் பிடிபட்டபோது, பரலோகத்தின் கதவு திறந்தது போலிருந்ததாம். பரிசுத்தம் போதாததால் வந்த பயம் இல்லை அது. போதுமா என்று பார்க்கும் அளவுகோலையே கையில் வைத்திருந்ததால் வந்த பயம்.

கேள்விக்குறி (திங்கள், காலை 7:05)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டியில் பரிசு வாங்கியவன். இப்போது கோவில் பக்கம் போவதில்லை. வசனங்கள் மட்டும் மறக்கவில்லை.

நீதிமொழிகள் 17:15: "துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும், நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனுமாகிய இவ்விருவரும் கர்த்தருக்கு அருவருப்பானவர்கள்." சாலொமோன் எதை அருவருப்பு என்றாரோ அதையே பவுல் ரோமர் 4:5-இல் கடவுளின் அடைமொழியாக வைக்கிறார்: "பாவியை நீதிமானாக்குகிறவர்." இதை எந்தப் பிரசங்கியாரும் சேர்த்துப் படித்து நான் கேட்டதில்லை.

அண்ணாச்சி, உங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய வரவை இன்னொருவர் கணக்கில் எழுதினால் அதற்கு என்ன பெயர்?

கணக்குப்பிள்ளை (திங்கள், காலை 8:15)

பெயர் உண்டு தம்பி, சிறைத் தண்டனையும் உண்டு.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கியவன் கட்டவில்லை, ஜாமீன் போட்டவர் கட்டிவிடுகிறார் என்று வையுங்கள். கடன் கணக்கு மூடப்படும். யார் கட்டினாலும் வாங்கியவன் பேரில் இருந்த பாக்கி தீர்ந்ததுதான். அது மோசடி ஆகாது. ஏனென்றால் பணம் உண்மையில் வந்திருக்கிறது, கையெழுத்துப் போட்டவரே கொடுத்திருக்கிறார். காசு வராமல் "தீர்ந்தது" என்று எழுதினால்தான் மோசடி.

இதைச் சொல்லும்போதே எனக்கு இன்னொன்று உறுத்துகிறது. ஜாமீன்தாரர் கட்டினால் பாக்கி பூஜ்யம் ஆகும், அவ்வளவுதான். கடன் இல்லாதவன் வேறு, பணக்காரன் வேறு. மன்னிப்பு என்பது பூஜ்யம். நீதி என்பது அதற்குமேல் ஏதோ இருப்பு. அந்த இருப்பு எங்கிருந்து வருகிறது?

தரங்கைவாசி (திங்கள், காலை 9:30)

கேட்டீர்களே, அதுதான் கேள்வி. "நீதியாகிய ஈவு" என்று ரோமர் 5:17 சொல்வது அந்த இருப்பைத்தான். எங்கள் சபைப் போதனையில் சிலுவை பாக்கியைத் தீர்த்தது, கிறிஸ்து கீழ்ப்படிந்து வாழ்ந்த வாழ்க்கை இருப்பாக வந்தது என்போம். இரண்டும் அவருடையது, இரண்டும் நம் பேரில்.

கேள்விக்குறித் தம்பிக்கு: நீதிமொழிகள் 17:15-ஐ நீங்கள் எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. அங்கே "துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன்" என்றால் என்ன பொருள்? ஒரு கெட்டவனைத் திருத்தி நல்லவனாக்குகிறவன் என்றா? அதுவானால் பாராட்ட வேண்டியது, அருவருக்க என்ன இருக்கிறது? லஞ்சம் வாங்கிக்கொண்டு குற்றவாளியைக் குற்றமற்றவன் என்று தீர்ப்பளிக்கிற நீதிபதியைத்தான் சாலொமோன் திட்டுகிறார். ஆகவே "நீதிமானாக்குதல்" என்பது வேதத்தில் நீதிமன்றச் சொல். தீர்ப்பு. தமிழில் "ஆக்குதல்" என்று வந்துவிட்டதால் சட்டியில் சோறாக்குவது மாதிரி உள்ளே ஏதோ வேகவைப்பதாக நினைத்துவிடுகிறோம்.

அருவருப்பு எப்படி நற்செய்தி ஆயிற்று என்பதற்குப் பவுலின் விடை ரோமர் 3:26-இல் இருக்கிறது. தாமும் நீதியுள்ளவராக, விசுவாசிக்கிறவனையும் நீதிமானாக்குகிறவராக. காசு வராமல் தீர்ந்தது என்று எழுதவில்லை என்கிறார்.

கேள்விக்குறி (திங்கள், காலை 9:52)

காசு வந்ததை யார் தணிக்கை செய்தது? சரி, மேலே போகட்டும்.

வளன் (திங்கள், மாலை 6:40)

நான் கத்தோலிக்கன். குருமடத்தில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்தவன்.

டீச்சரின் "சோறாக்குவது" எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் பக்கம் அதைத்தான் உண்மை என்று சொல்கிறோம். கடவுளின் வாக்கு நீதிபதியின் வாக்கு மட்டும் இல்லை, படைத்தவரின் வாக்கு. "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்றவர் "நீதிமான்" என்று சொன்னால் உள்ளே ஒன்றும் நடக்காமலா இருக்கும்? 1547 ஜனவரி 13 அன்று லூத்தருக்கு மறுமொழியாகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் தன் ஆறாம் அமர்வில் சொன்னது இதுதான்: பாவமன்னிப்பு மட்டும் இல்லை, உள்ளான மனிதன் புதுப்பிக்கப்படுவதும் சேர்ந்ததே நீதியாக்கப்படுதல். கணக்குப் புத்தகத்தில் மட்டும் மாறி ஆளில் மாறவில்லை என்றால் அது பாதிப் பரிசு.

ஒரு தப்பெண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கத்தோலிக்கர் நற்செயல் செய்து மோட்சம் வாங்கப் பார்க்கிறார்கள் என்று எங்கள் தெருவில் ஒரு சகோதரர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருப்பார். அதே திரிதெந்து ஆவணத்தின் எட்டாம் அதிகாரத்தைப் படித்தால் அவருக்குத் தொண்டை அடைக்கும். நீதியாக்கப்படுவதற்கு முன்னால் நடக்கும் எதுவும், விசுவாசமானாலும் செயலானாலும், அந்த அருளைச் சம்பாதிப்பதில்லை என்று எழுதியிருக்கிறது. நம் புண்ணியங்களுக்குக் கடவுள் முடி சூட்டும்போது தம் கொடைகளுக்கே முடி சூட்டுகிறார் என்று திருச்சபைத் தந்தை அகுஸ்தீனார் ஐந்தாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்.

எங்கள் கையில் இருக்கிற பொது மொழிபெயர்ப்பில் "நீதிமான்" இருக்கும் பல இடங்களில் "கடவுளுக்கு ஏற்புடையவர்" என்று வருகிறது. நல்ல தமிழ். நீதிமன்ற வாடை இல்லை. வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிற வாடை.

தரங்கைவாசி (திங்கள், இரவு 8:10)

வளன் தம்பி, "ஏற்புடையவர்" அழகுதான். ஆனால் என் காதில் அது நேர்முகத் தேர்வு முடிந்து "தகுதியுடையவர்" என்று பட்டியல் ஒட்டுவது போலவும் விழுகிறது.

லூத்தர் 1522-இல் ரோமர் 3:28-ஐ ஜெர்மனில் பெயர்த்தபோது "மாத்திரம்" என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்தார், மூலத்தில் இல்லாததைப் புகுத்திவிட்டார் என்று பெரிய சண்டை. ஜெர்மன் பேச்சு வழக்கில் அந்த வாக்கியத்துக்கு அது வேண்டும் என்று 1530-இல் அவர் பதில் எழுதவேண்டியிருந்தது. நம் பழைய மொழிபெயர்ப்பைப் பாருங்கள்: "விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்." ஓர் ஏகாரம்! ஐரோப்பாவே இரண்டாகப் பிளந்த சொல்லை நம் ஆட்கள் ஓர் ஏகாரத்தில் முடித்துவிட்டார்கள்.

வளன் (திங்கள், இரவு 8:31)

அதே மொழிபெயர்ப்பில் யாக்கோபு 2:24-ஐயும் பாருங்கள் டீச்சர்: "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்." அங்கே கிரியையும் கூடவே வந்துவிட்டது. வேதம் முழுவதிலும் "விசுவாசத்தினால் மாத்திரம்" என்ற தொடர் வருகிற ஒரே இடம் இதுதான், அதுவும் "அல்ல" என்ற சொல்லோடு.

தரங்கைவாசி (திங்கள், இரவு 8:40)

யாக்கோபு பேசுவது பேய்களுக்கும் இருக்கிற விசுவாசத்தைப் பற்றி. அப்படிப்பட்ட விசுவாசத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதில் எனக்கும் சம்மதம். நாளை பேசுவோம், மாத்திரை போடும் நேரம்.

சுவடி (திங்கள், இரவு 10:02)

ஒரே ஒரு குறிப்பு. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யூதர்கள் புண்ணியக் கணக்கு எழுதி மோட்சம் வாங்கப் பார்த்தவர்கள் என்று தானாகவே ஒரு சித்திரம் வந்துவிடுகிறது. 1977-இல் ஈ. பி. சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் பழைய யூத நூல்களைப் படித்துக்காட்டி அந்தச் சித்திரத்தை உடைத்தார். யாத்திராகமம் 20-ஐத் திறந்தாலே போதும். முதலில் "உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணினேன்" என்று வருகிறது, பிறகுதான் பத்துக் கட்டளை. விடுதலை முன்னே, சட்டம் பின்னே. கிருபை புதிய ஏற்பாட்டில் முளைத்தது இல்லை.

இரவுப்பணி (செவ்வாய், அதிகாலை 3:20)

வார்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். முழு இழையையும் படித்தேன். எனக்குக் கோபமாக இருக்கிறது.

என் சித்தப்பா ஒருவர். குடி, அடி. சித்தியின் தோட்டைக் கழற்றிக்கொண்டுபோய் அடகு வைத்தார். காது தூர்ந்துவிடக்கூடாதே என்று சித்தி ஈர்க்குச்சி செருகிக்கொண்டு அலைந்தாள். பிறகு ஒரு கூட்டத்தில் அவர் இரட்சிக்கப்பட்டார். குடி நின்றது உண்மை, நன்றி. ஆனால் மேடை ஏறி மைக் பிடித்து, "என் பாவமெல்லாம் தீர்ந்தது, நான் தேவநீதியாயிருக்கிறேன்" என்று சாட்சி சொல்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். சித்தி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். காதில் ஈர்க்குச்சி.

பரலோகத்தில் வரவு வைத்தாயிற்று. அடகுக்கடை ரசீது மட்டும் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. இது என்ன நீதி? தயவுசெய்து கிரேக்கச் சொல் எதையும் எடுத்துக்கொண்டு வரவேண்டாம்.

தரங்கைவாசி (செவ்வாய், காலை 6:15)

மகளே, கிரேக்கம் இல்லை. நாங்கள் தலைகுனிய வேண்டிய இடம் இது.

பாவத்தை மன்னிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பாவி திருந்தவேண்டாம் என்று விட்டுவிடுகிற போதனைக்கு "மலிவான கிருபை" என்று பெயர் வைத்தவர் டீட்ரிச் போன்ஹோஃபர். அவரும் எங்கள் லூத்தரன் ஆள்தான். ஹிட்லர் காலத்தில், 1937-இல், சொந்தச் சபையைப் பார்த்தே எழுதினார். 1945-இல் தூக்கிலிடப்பட்டார். எந்தக் கிருபையையும் மலிவாக வாங்கவில்லை.

சகேயு கதையைப் பாருங்கள். அநியாயமாக வரி வசூலித்த ஆயக்காரன், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்தவன். இயேசு முதலில், "இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும்" என்கிறார். அதுவரை அந்த ஆயக்காரன் ஒரு காசும் திருப்பித் தரவில்லை. பரிசு முன்னே வந்துவிட்டது. ஆனால் பந்திக்கு வந்தபின் அவன், "அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன்" என்று எழுந்து நிற்கிறான். உங்கள் சித்தப்பா மரத்திலிருந்து இறங்கிவிட்டார், சாப்பிட்டும்விட்டார். இன்னும் எழுந்து நிற்கவில்லை.

இரவுப்பணி (செவ்வாய், காலை 6:50)

எழுந்து நிற்கவில்லை. சரியான சொல். பணி முடிந்து கிளம்புகிறேன்.

மேலவீதி (செவ்வாய், மதியம் 1:30)

நான் உங்கள் மார்க்கத்தவன் இல்லை. வைணவ வீட்டில் பிறந்தவன். ஆனால் படிக்கப் படிக்க எங்கள் தாத்தா திண்ணையில் நடந்த சண்டை மாதிரியே இருக்கிறது.

குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா தொங்கும். சரணடைகிறவன் பக்கம் பெயருக்காவது ஒரு காரணம் வேண்டும் என்பது வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலை. காரணமே வேண்டாம், அவன் கிருபை தானாகப் பாயும் என்பது பிள்ளை லோகாசாரியாரைப் பின்பற்றும் தென்கலை. நூற்றாண்டுகளாக முடியாத வாதம்.

எங்கள் திண்ணையில் கடைசியில் ஒரு கேள்வி வரும். அதை இங்கேயும் வைக்கிறேன். கிரியை வேண்டாம், விசுவாசம் போதும் என்கிறீர்கள். அந்த விசுவாசத்தை யார் வைப்பது? நான் வைப்பதானால் அதுவும் என் கிரியைதானே? குரங்கின் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தரங்கைவாசி (செவ்வாய், மாலை 5:00)

ஐயா, இந்த இழையிலேயே இதுதான் கூர்மையான கேள்வி.

எங்கள் பதில்: விசுவாசம் விலை இல்லை, கை. பிச்சை வாங்குகிறவன் கையை நீட்டுகிறான், அந்த நீட்டலுக்காக யாரும் சோறு போடுவதில்லை. எபேசியர் 2:8 "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறது. பூனை கவ்விய பிறகுதான் குட்டிக்குத் தான் தூக்கப்பட்டது தெரிகிறது என்று உங்கள் மொழியில் சொல்லலாமா?

1546 பிப்ரவரியில் லூத்தர் இறந்தபோது அவர் கடைசியாக எழுதிய ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. அதன் முடிவில்: "நாம் பிச்சைக்காரர்கள். அது உண்மை." நூறு நூல் எழுதியவரின் கடைசிக் கணக்கு அது.

மேலவீதி (செவ்வாய், மாலை 5:45)

சொல்லலாம் அம்மா. வடகலைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் சொல்லலாம்.

வளன் (செவ்வாய், இரவு 9:15)

டீச்சரோடு நான் சண்டை போடுவது பழைய பாசத்தில். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் எங்கள் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் இந்தப் பொருளில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் பக்கத்து எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார், அதே கிருபை நம்மைப் புதுப்பித்து நற்செயலுக்கு அனுப்புகிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். 2006-இல் மெதடிஸ்ட் சபைகள் சேர்ந்தன, 2017-இல் சீர்திருத்தச் சபைகள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் ஒருவர்மேல் ஒருவர் போட்ட சாபங்கள் இந்தப் போதனைக்குப் பொருந்தா என்று ஒப்புக்கொண்டார்கள். எங்கள் தெரு ஒலிபெருக்கிக்கு இன்னும் செய்தி எட்டவில்லை.

கேள்விக்குறி (புதன், காலை 7:40)

அண்ணாச்சியின் முதல் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

இலவசப் பரிசு என்பது சித்தப்பா மாதிரி ஆட்களுக்குக் கொண்டாட்டம். 58 வருடம் அரிசி போட்டவர்களுக்கு? திராட்சத்தோட்ட உவமையில் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் அதே கூலிதான். காலையிலிருந்து வேலை செய்தவன் கேட்பது நியாயமாகவே எனக்குப் படுகிறது: "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே." எஜமான், "நான் தயாளனாயிருக்கிறபடியால் நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று வாயை அடைக்கிறார். தயாளம் சரி. ஆனால் வெயிலில் நின்றவனுக்கு ஒரு வாய் மோராவது கூடுதலாகக் கொடுத்திருக்கலாம்.

வளன் (புதன், காலை 8:20)

ஊதாரித் தம்பி திரும்பி வந்ததும் அப்பா விருந்து வைக்கிற உவமையில் மூத்த குமாரனும் அதைத்தான் கேட்கிறான், ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்று. அப்பா சொல்கிற பதில்: "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது." அவன் ஆட்டுக்குட்டிக்காகக் காத்திருந்தான். மந்தையே அவனுடையது என்பது தெரியாமல் கூலிக்காரனாக அந்த வீட்டில் வாழ்ந்திருக்கிறான். எனக்கு அந்தக் கதையிலேயே பாவமாகத் தெரிகிறவன் அவன்தான். கதை அவன் உள்ளே வந்தானா என்று சொல்லாமலே நின்றுவிடுகிறது.

இரவுப்பணி (புதன், பகல் 11:10)

அண்ணாச்சி, ஒன்று சொல்லட்டுமா? கடைசி நாட்களில் இருக்கிறவர்களை ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். "போதுமா" என்று கேட்கிறவர்கள் பொதுவாகக் கேட்பதில்லை. மனதில் ஒரு குறிப்பிட்ட விஷயம் இருக்கும். ஒரு சண்டை, ஒரு நகை, பேசாமல் விட்ட ஒரு தங்கை. நாம் பதில் சொல்ல அவசரப்பட்டு அதைக் கேட்பதே இல்லை. இழையில் இத்தனை பேர் இத்தனை வசனம் சொல்லிவிட்டோம். அம்மாவிடம், "எது போதுமா?" என்று யாராவது கேட்டீர்களா?

கணக்குப்பிள்ளை (வெள்ளி, இரவு 11:30)

கேட்டேன்.

அரை மணி நேரம் ஆயிற்று. குழறல், அழுகை, நடுவில் இருமல். நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் அப்பா வேலை பார்த்த மில்லில் கதவடைப்பு. ஏழு மாதம் சம்பளம் இல்லை. எனக்கு நினைவிருப்பது கஞ்சி மட்டும்தான். அந்த மாதங்களில் ஒருநாள் வீட்டில் குருணைகூட இல்லை. அம்மா பிடி அரிசி டின்னைத் திறந்திருக்கிறாள். ஒரு நாள் இல்லை, நான்கைந்து தடவை. மொத்தம் நாலு படி இருக்கும் என்கிறாள். கடவுளுக்கென்று வைத்ததை எடுத்து எங்களுக்கு ஆக்கிப்போட்டிருக்கிறாள். அப்பாவிடமும் சொல்லவில்லை.

மில் திறந்த பிறகு தினமும் இரண்டு பிடி போட்டிருக்கிறாள். ஒன்று காணிக்கை, ஒன்று கடன். "எத்தனை நாள் போட்டேன் என்று எண்ணாமல் விட்டுவிட்டேன், ஐயா. நாலு படி ஆயிற்றா, ஆகவில்லையா, தெரியவில்லை. போதுமா?"

ஆடிட்டர் அலுவலக மூளை சும்மா இருக்குமா? ஒரு படிக்கு எத்தனை பிடி என்று மனக்கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன். ஆறு மாதத்துக்குள் தீர்ந்திருக்கும். அவள் நாற்பது வருடத்துக்கு மேல் இரண்டு பிடி போட்டிருக்கிறாள். "அம்மா, எப்போதோ தீர்ந்துவிட்டது, ஏகப்பட்டது கூடுதலாகவே இருக்கிறது" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் டின்னை ஏற்றுக்கொண்டதாகிவிடும், டின்தான் நீதிபதி என்று. அதுவும் அந்தச் சோற்றைத் தின்றவன் நான்.

ரோமரை எடுக்கவில்லை. பிலேமோனை எடுத்தேன். ஓடிப்போன ஒநேசிமு என்ற அடிமையைப் பவுல் எஜமானிடம் திருப்பி அனுப்புகிற சின்னக் கடிதம். 18-ஆம் வசனம்: உம்மிடத்தில் அவன் கடன்பட்டது உண்டானால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்." வாசித்தேன். மறுபடியும் வாசி என்றாள். வாசித்தேன்.

"எழுத்தில் கொடுத்தாரா?" என்றாள்.

அடுத்த வசனத்தைக் காட்டினேன். சொந்தக் கையால் எழுதி, நானே செலுத்தித் தீர்ப்பேன் என்கிறார் பவுல். அம்மா கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கையெழுத்து இருக்கிறதா, அப்போது சரி" என்றாள். ஆடிட்டர் நானா அவளா என்று தெரியவில்லை.

கை நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. இன்று இரவும் அள்ளிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் காலையில் அக்கா கஞ்சி ஊட்டும்போது சொன்னாளாம்: "மூன்று மாதமாக அந்த டின்னை யாரும் திறக்கவில்லை. வண்டு விழுந்திருக்கும். எடுத்துக்கொண்டுபோய்ச் சங்கத்தில் கொட்டிவிட்டு, டின்னைக் கழுவிக் காயவைத்துப் புதுசாக ஆரம்பியுங்கள்." யார் ஆரம்பிப்பது என்று அக்காவும் என் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தரங்கைவாசி (சனி, காலை 5:50)

அக்காவிடம் சொல்லுங்கள். டின் நன்றாகக் காய்ந்த பிறகு அடியில் நாலு காய்ந்த மிளகாய் போட்டுவைத்தால் வண்டு வராது. வேப்பிலையும் போடலாம், ஆனால் அரிசியில் கசப்பு ஏறும்.